கப்டனுக்கு வைத்த முதல் தட்டு

போன மாதம் நித்யா போன் எடுத்தாள். ஸ்காபரோவில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில், என் மாடியில், என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளை அவள். ஊர் மதுரைப் பக்கம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதை அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சந்தேகம் வந்தால் மேலிடத்தைக் கேட்பதற்கு முன்னால் என்னைத்தான் கேட்பாள்.

“ஆன்ட்டி, புதுசா டேப்லெட் குடுத்திருக்காங்க. எந்த டேபிள்ல ஆரம்பிச்சு எந்த டேபிள்ல சாப்பாடு முடிக்கணும்னு அதுவே சொல்லுது. மாத்திக் குடுத்தா சிவப்பு லைட் எரியுது. நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“எரிஞ்சால் எரியட்டும் பிள்ளை. நீ லைற்றைப் பார்க்காதை, சனத்தின்ர முகத்தைப் பார்த்துக் குடு.”

பெரிய வாயாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கப்டனின் முகம் வந்து நின்றுவிட்டது. சமையலை அப்படியே விட்டுவிட்டு என் மனுசனிடம் அந்தக் கதையை இன்னொரு முறை சொன்னேன். அவருக்கு அலுத்துப்போயிருக்க வேண்டும். “இஞ்சேரும், எத்தினை தரம் வாயாலை சொல்லுவீர்? ஒருக்கா எழுதிப் போட்டால் என்ன?” என்றார்.

எங்கள் வீட்டில் எழுதுகிறவர் அவர்தான். மூன்று சிறுகதைத் தொகுதிகள் சொந்தச் செலவில் போட்டு, மண்டபம் எடுத்து, பொன்னாடை போர்த்துவித்து, வடை தேநீர் கொடுத்து வெளியிட்டவர். மிச்சப் பிரதிகள் எல்லாம் எங்கள் பேஸ்மென்றில் சலவை மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கின்றன. இதை அவர் வாசிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதை பெரிய கதை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ரொறொன்ரோவுக்கு அகதியாக வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அப்பார்ட்மென்றுக்குள் இரண்டு குடும்பமாக இருந்தோம். முதலில் ஒரு பேக்டரியில் பெட்டி ஒட்டினேன். பிறகு பி.எஸ்.டபிள்யூ படித்தேன். முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாட்டை வாயில் தீத்திவிடுகிற வேலைக்கு இங்கே அப்படிப் பெயர். படிக்கும்போது ஒரு ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டிப் பழகினோம். பொம்மை கடிக்காது, துப்பாது, “அம்மா எப்ப வருவா?” என்று கேட்காது. உண்மையான படிப்பு மிஸிஸ் பெனெற்றின் மாடியில்தான் தொடங்கியது.

மிஸிஸ் பெனெற் ஜமேய்க்காவிலிருந்து வந்தவர். மாடிக்குப் பொறுப்பான நேர்ஸ். நல்ல உயரம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதனால்தான் எல்லாருக்கும் பயம். காதே கேட்காத ஒருவரின் அறையாக இருந்தாலும் கதவைத் தட்டி, கொஞ்சம் பொறுத்து, தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். நாங்களும் அப்படித்தான் போக வேண்டும். என்னை ‘சிவா’ என்று கூப்பிடுவார். அது என் மனுசனுடைய பெயரின் பாதி. திருத்தலாம் என்று நினைத்து நினைத்தே முப்பது வருடம் போய்விட்டது.

சாப்பாட்டு அறையில் அவருக்குத் தனிச் சட்டங்கள் இருந்தன. நின்றபடி தீத்தக் கூடாது. கதிரையை இழுத்துப் போட்டு அவர்களுடைய கண்மட்டத்துக்கு இருக்க வேண்டும். கரண்டியை அரைவாசிக்கு மேல் நிரப்பக் கூடாது. விழுங்கியது தொண்டையால் இறங்குவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அடுத்த வாய். தீத்தும்போது மற்ற ஊழியரோடு ஊர்க்கதை கதைக்கக் கூடாது. எல்லாவற்றிலும் பெரிய சட்டம், அங்கே இருப்பவர்களுக்கு வந்த சாப்பாட்டில் ஊழியர் ஒரு பருக்கை தொடக் கூடாது. தட்டில் மிஞ்சிப்போய் குப்பைக்குப் போகவிருந்த ஒரு பிஸ்கற்றை வாயில் போட்ட ஒருத்தியை அவர் வேலையை விட்டு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அவள் அழுதாள். மிஸிஸ் பெனெற் அவளுக்குக் குளிர்க்கோற்றைப் பிடித்துப் போட்டுவிட்டு, பஸ் தரிப்பு வரைக்கும் கூடப் போய் விட்டுவிட்டு வந்தார்.

இந்த மாடிக்குத்தான் கப்டன் வந்தார். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. வெள்ளைத் தலை, நிமிர்ந்த முதுகு, நடுங்குகிற கைகள். நான் அறைக்குள் போனபோது கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு படம் இருந்தது. சீருடை, தொப்பி, தோளில் நட்சத்திரம். அவர் ஐரோப்பாவில், ஒஸ்ரியா நாட்டு ஆமியில் அதிகாரியாக இருந்தவர்.

ஆமி என்ற சொல் எங்களை என்ன செய்யும் என்று யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் அண்ணாவைச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். பிறகு சைக்கிளைத் திருப்பித் தந்தார்கள். ஆளைத் தரவில்லை. எந்த நாட்டு ஆமி, எந்த நிறத்துச் சீருடை என்று என் வயிறு விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. நேரே மிஸிஸ் பெனெற்றிடம் போய், வேறு அறை தாருங்கள் என்று கேட்டேன். காரணம் கேட்டார், சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு கிழமை, ஏழு நாளும் அவருக்குச் சவரம் செய். அதற்குப் பிறகும் முடியாது என்றால், நான் செய்கிறேன்,” என்றார். கேட்டது கிடைத்ததா இல்லையா என்றே விளங்காமல் திரும்பி வந்தேன்.

கப்டனுக்குக் காலையில் சவரம் செய்யாமல் அறையை விட்டு வெளியே வர மனம் வராது. மின்சார மெஷின் ஆகாது, பிளேட்தான் வேண்டும். சுடுதண்ணீரில் பிழிந்த துவாயை முகத்தில் கொஞ்ச நேரம் போட வேண்டும். நுரை, பிறகு இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்து மயிர் சாய்கிற பக்கமாகவே வழிக்க வேண்டும். மூக்குக்குக் கீழே கடைசி. முதல் நாள் பிளேட்டைக் கையில் எடுத்தேன், கை நடுங்கியது. அவருடைய கையும் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

“இரண்டு பேரும் நடுங்கினால் ரத்தம்தான் வரும். எனக்கு நடுங்குகிற வருத்தம். உனக்கு என்ன?” என்றார். அந்தக் காலத்தில் அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

எனக்கு என்ன துணிவு வந்ததோ, உள்ளதைச் சொன்னேன். படத்தைக் காட்டி, அண்ணாவைச் சொன்னேன், சைக்கிளைச் சொன்னேன். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, தான் வேறு நாட்டு ஆமி என்று விளக்கம் தரவும் இல்லை. அடுத்த நாள் காலை மேசையில் படம் இல்லை. சொக்ஸ் எடுக்க மேசையின் இழுப்பு லாச்சியைத் திறந்தேன். உள்ளே படம் முகம் குப்புறக் கிடந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு, அந்த இறுகிய லாச்சியை எப்படித் திறந்தாரோ தெரியாது. அந்தக் கிழமை முடிந்தும் நான் மிஸிஸ் பெனெற்றிடம் போகவில்லை. சில மாதம் கழித்து நானே படத்தை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தேன். “வேண்டுமென்றா வைக்கிறாய்?” என்றார். “ஓம்,” என்று தமிழிலேயே சொன்னேன். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அன்று தொடங்கி எனக்கு அவர் எதற்கும் “ஓம், சிவா” தான்.

சவரம் செய்கிற நேரத்தில்தான் அவருடைய வாழ்க்கை எனக்குத் துண்டு துண்டாக வந்தது. சின்னப் பொடியனாக இருந்த காலத்தில் அவருடைய நாட்டில் நான்கு வெளிநாட்டு ஆமிகள் இருந்தனவாம். அவர் பள்ளிக்கூடம் முடிக்கிற காலத்தில் நான்கும் கிளம்பிப் போய்விட்டனவாம்.

“சும்மா போனதோ?”

“கையெழுத்துப் போட்டார்கள். போனார்கள்.”

எனக்கு வாய் மூடவில்லை. வந்த ஆமி தானாக எழும்பிப் போகிற நாடும் உலகத்தில் இருக்கிறதா! பிறகுதான் அந்த நாட்டுக்குச் சொந்தமாக ஒரு புது ஆமி கட்டினார்கள். இவர் போய்ச் சேர்ந்தார். மலைப்படை. பிறகு சைப்பிரஸ் தீவில், இரண்டு இனத்துக்கும் நடுவில் கிழித்த கோட்டில், நீலத் தொப்பியோடு கொஞ்சக் காலம் நின்றிருக்கிறார். தீவு, இரண்டு இனம் என்றதும் நான் பிளேட்டை வைத்துவிட்டேன். “நீ ஏன் நிறுத்திவிட்டாய் என்று தெரியும்,” என்றார். துவாயை இன்னொரு தடவை சுடுதண்ணீரில் பிழிந்து போட்டுவிட்டுத்தான் மற்றக் கன்னத்தைத் தொடங்கினேன்.

அவரும் கதை எழுதுகிறவர். எழுதுவது விடியக் காலமை. படையை எழுப்புகிற ஊதுகுழலுக்கு முன்னால் எழும்பி, ஆமி தந்த மேசையில், ஆமி தந்த விளக்கில் எழுதுவாராம். வீரக் கதை ஒன்றும் இல்லை. பொருந்தாத சப்பாத்து, காவலுக்கு நிற்கிறவனுக்கு வருகிற நித்திரை, கோழி உரிக்கத் தெரியாத சமையல்காரன், இப்படியே எழுதினார். முதல் இரண்டு புத்தகமும் நன்றாகப் போயின. மேலதிகாரிகள்கூட வாங்கிக் கையெழுத்துக் கேட்டார்களாம்.

மூன்றாவது புத்தகத்தில்தான் வினை. மலையில் பனிக்காலப் பயிற்சி. கப்டன் படைக்கு முன்னால் நடந்தார். சூப்பும் பாணும் இழுத்துக்கொண்டு போன வண்டி முதலில் அவரிடம் வந்தது. அவர் சாப்பிட்டார். வண்டி பின்வரிசைக்குப் போவதற்கு முன்னமே காற்று அடித்துப் பாதை மூடிவிட்டது. பின்வரிசையில் கடைசி ஆளாக ஒரு புதுப் பொடியன். வெறும் வயிற்றோடு குளிரில் இருந்தவன் காலையில் எழும்பவில்லை. விசாரணை வைத்தார்கள், காலநிலை என்று முடித்தார்கள். யாரிலும் குற்றம் இல்லை. கப்டன் அதைக் கதையாக எழுதினார். மேலிடம் முழுக் கதையையும் ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு வசனத்தை எடுக்கச் சொன்னது. “அதிகாரி சாப்பிட்டிருந்தான்” என்ற வசனம். அது ஆமிக்கு அவமானமாம்.

“எடுத்தனீங்களோ?”

“அந்த வசனத்துக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன்,” என்றார். பிறகு, “வேலையை விட்டேன், புத்தகம் வசனத்தோடு வந்தது. கன்னம் முடிந்துவிட்டதா?” என்று கேட்டார்.

மனைவியின் தமையன் ரொறொன்ரோவில் இருந்தார். இங்கே வந்து சேர்ந்தார்கள். நில அளவை வேலை கிடைத்தது. இப்போது எங்கள் சனம் விழுந்தடித்து வீடு வாங்குகிற ஸ்ரௌவ்வில் பக்கமெல்லாம், வெறும் வயலாக இருந்தபோது அவர் கோல் நட்டு அளந்த நிலம். எழுத்தை விடவில்லை. ஜெர்மன் மொழியிலேயே எழுதினார். ஒரே மகள் மார்த்தா இங்கே பிறந்தவள். அவளுக்கு ஜெர்மன் வாசிக்க வராது. “அப்ப ஆர் வாசிச்சது?” என்று கேட்டேன். “மனைவி. அவளும் எழுத்துப் பிழைதான் பார்த்தாள்,” என்றார்.

இதை வீட்டில் போய்ச் சொன்னேன். அந்த ஒரு வசனம் என் மனுசனைப் பிடித்து உலுக்கிவிட்டது. “ஒரு வசனத்துக்காக வேலையை விட்டவரோ!” என்று இரண்டு நாள் வீடு முழுக்க நடந்தார். மூன்றாம் நாள் ஞாயிறு. தன் புத்தகம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கப்டனைப் பார்க்க வந்துவிட்டார். ஆளுக்கு ஒரு புத்தகம் மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் எழுதியதை மற்றவருக்கு ஒரு எழுத்துக்கூட வாசிக்க வராது. ஆனாலும் இரண்டு பேரும் கடைசிப் பக்கம் வரைக்கும் மரியாதையாகப் புரட்டிப் பார்த்தார்கள். நான் சிரிப்பை அடக்க வெளியே போய் நின்றேன்.

அந்த வருடங்களில் கப்டனுக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு குழப்படி, எப்போதும் பிந்தித்தான் வருவார். எல்லாரும் பாதி சாப்பிட்ட பிறகு, தடியை ஊன்றிக்கொண்டு, மேசை மேசையாகப் பார்த்தபடி நடந்து வந்து தன் இடத்தில் இருப்பார். மிஸிஸ் பெனெற் கடிகாரத்தைக் காட்டுவார். அவர் தலையைச் சாய்த்து வணக்கம் சொல்வார். பிறகு வைத்ததை எல்லாம் சாப்பிட்டு முடிப்பார்.

ஒரு நாள் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியால் திரும்பி வந்தவர் வேறு ஆள். சக்கர நாற்காலி. ஆங்கிலம் கழன்றுபோய்விட்டது, ஜெர்மனும் ஒன்றிரண்டு சொல்லாக மெலிந்துவிட்டது. என்னைப் பார்த்து “ஓம்” என்பது மட்டும் சில நாள் வரும். மகளையே யார் என்று தெரியவில்லை. சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார்.

இந்த இடத்தில் எங்களுடைய கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மாடியில் பாதி ஊழியர் தமிழ்ப் பெண்கள், மிச்சம் பிலிப்பைன்ஸ் பிள்ளைகள். இரண்டு பகுதிக்கும் வளர்ப்பு ஒன்றுதான்: வயதுக்கு மூத்தவருக்கு, மதிப்பான மனுசனுக்கு முதலில் வைக்க வேண்டும். இவர் தானாக நடந்த காலத்தில் பிந்தி வந்தார், எங்களுக்கு வாய்ப்பு இல்லை. இப்போது நாற்காலியைத் தள்ளுவது நாங்கள். ஆகவே கப்டனை முதலில் கொண்டுவந்து, நல்ல இடத்தில் விட்டு, தள்ளுவண்டி வந்ததும் முதல் தட்டை, சூடு ஆறாமல், இரண்டு கையாலும் அவருக்கு முன்னால் வைத்தோம். அவர் அதைப் பக்கத்தில் இருக்கிறவர் பக்கம் தள்ளிவிட்டார். சூடு போதாதாக்கும் என்று அடுத்த நாள் இன்னும் கெதியாக வைத்தோம். தள்ளினார். சத்தம் பிடிக்கவில்லையாக்கும் என்று, மற்றவர்கள் வருவதற்கு முன்னமே தனியாகக் கொண்டுவந்து, தனியாக இருத்தி வைத்தோம். வாயை இறுக்கி மூடிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறுக்க மறுக்க எங்கள் மரியாதை கூடிக்கொண்டே போனது.

தொண்டையைச் சோதித்தார்கள், விழுங்குவதில் பிழை இல்லை. பல்லைப் பார்த்தார்கள், மருந்தை மாற்றினார்கள். கிழமைக்குக் கிழமை நிறையில் ஆள் குறைந்துகொண்டே வந்தார். சவரம் செய்யும்போது என் விரலுக்குக் கீழே எலும்பு தட்டுப்பட்டது. எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் சோற்றில் கை வைத்தால் அவருடைய மூடிய வாய்தான் முன்னால் வரும்.

மார்த்தா ஒவ்வொரு ஞாயிறும் வருவாள். உருண்டைப் பலகாரம், அப்பிள் வைத்துச் சுட்ட பணியாரம் எல்லாம் செய்து கொண்டுவந்து, பக்கத்தில் கரண்டியோடு நிற்பாள். அவளுக்கும் அதே இறுகிய வாய்தான். டொக்டர் அவளைக் கூப்பிட்டுக் கதைத்தார். ஒன்றில் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகச் சாப்பாடு ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் நோவு இல்லாமல் பார்த்துக்கொண்டு அவரை அவருடைய பாட்டில் விட வேண்டும். அடுத்த வியாழக்கிழமை முடிவு சொல்ல வேண்டும். புத்தி தெளிவாக இருந்த காலத்தில், எனக்குக் குழாய் மட்டும் போடாதே என்று அவர் மகளிடம் வாக்கு வாங்கியிருந்தார். அவள் லிஃப்டுக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“வாக்கை மீறினால் அவருக்குத் துரோகம். மீறாவிட்டால் பட்டினி போட்டுக் கொன்றவள் ஆவேன். அவருடைய மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தெரியாது, சிவா. என் சின்ன வயதிலும் அவர் எங்களோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டதில்லை. இப்போதும் என் கையால் வாங்க மாட்டேன் என்கிறார்.”

லிஃப்ட் வந்தது, போய்விட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை பனி கொட்டியது. பஸ் ஓடவில்லை. வேலைக்கு வந்து சேர்ந்தது இரண்டே பேர். மிஸிஸ் பெனெற் தானே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தீத்த இறங்கினார். மத்தியானம் தள்ளுவண்டி வந்தபோது நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். கப்டன் எப்படியும் சாப்பிடப்போவதில்லை. மற்றவர்களுக்கு முதலில் கொடுத்து முடிப்போம், பிறகு ஆறுதலாக அவரோடு இருந்து மல்லுக்கட்டலாம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருக்கு முதல் தட்டு வைக்கவில்லை.

நான் ஒவ்வொரு மேசையாகக் கொடுத்துக்கொண்டு போகிறேன், பின்னால் ஏதோ உரசுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் கப்டன் காலால் நிலத்தை உந்தி உந்தி நாற்காலியை நகர்த்திக்கொண்டு வருகிறார். ஒரு மேசையடியில் நிற்பார், தட்டுகளைப் பார்ப்பார், அடுத்த மேசைக்குப் போவார். “கப்டன், ஒரு இடத்திலை இருங்கோவன்,” என்று தமிழிலேயே ஏசினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசி ஆளுக்குத் தட்டு வைத்ததும் தானாகத் தன் இடத்துக்குத் திரும்பிப்போய், இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

அவருடைய தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். தள்ளவில்லை. தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நடுங்குகிற விரலை நீட்டி என் வாயைக் காட்டினார்.

“நான் பேந்து சாப்பிடுவன். நீங்கள் சாப்பிடுங்கோ.”

தட்டைத் தள்ளிவிட்டார்.

‘அதிகாரி சாப்பிட்டிருந்தான்.’ அவர் வாயாலேயே என்னிடம் சொன்ன வசனம். அதைக் கேட்ட நானே மாதக்கணக்காக முதல் தட்டைக் கொண்டுபோய் அந்த மனுசனுக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! எங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு ஆள் இருப்பாள். எல்லாரும் சாப்பிட்டாச்சோ, எல்லாருக்கும் போதுமோ என்று பார்த்து, கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள். அது பெண்களுடைய புத்தி என்று நினைத்திருந்தேன். தோளில் நட்சத்திரம் வைத்த ஒரு ஆம்பிளை அப்படி இருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தள்ளுவண்டியில் கொஞ்சம் உருளைக்கிழங்கு மசியல் மிச்சம் இருந்தது. கரண்டியை எடுத்தேன். மிஸிஸ் பெனெற் அறைக்குள் இருக்கிறார் என்று தெரியும். அவருடைய பெரிய சட்டமும் தெரியும். வருவது வரட்டும் என்று ஒரு வாய் நிறைய அள்ளி, கப்டனுடைய கண்ணுக்கு முன்னால் மென்று விழுங்கினேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதைக் கண்டதும் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். சாப்பிடத் தொடங்கினார்.

எனக்குப் பின்னால் மிஸிஸ் பெனெற்றின் குரல் கேட்டது. “சிவா. வாயில் என்ன?”

“உருளைக்கிழங்கு.”

“சட்டம் தெரியும்தானே?”

“தெரியும். அவரைப் பாருங்கோ.”

பார்த்தார். கப்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நடுங்கிப் பாதி மேசையில் சிந்தியது, மீதி வாய்க்குள் போனது. நான் மூச்சுவிடாமல் விசயத்தைச் சொல்லி முடித்தேன். மிஸிஸ் பெனெற் தள்ளுவண்டியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து, மிச்ச மசியலில் ஒரு வாய் சாப்பிட்டார். “உப்பே இல்லை,” என்றார். பின்னேரம் கப்டனுடைய பராமரிப்புக் குறிப்பில் தன் கையால் எழுதினார்: எல்லாருக்கும் கொடுத்த பிறகே இவருக்கு வைக்க வேண்டும், அதற்கு முன் ஊழியர் ஒரு கரண்டி எடுத்துச் சூடு பார்க்க வேண்டும். சூடு பார்ப்பதற்கு எந்தச் சட்டத்திலும் தடை இல்லையாம். டொக்டர் வாசித்துவிட்டு, இதை நான் எங்கேயும் படிக்கவில்லை என்று சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு கப்டன் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். குழாய் இல்லாமல், ஒரு நாள் நித்திரையிலேயே போனார். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வியாழக்கிழமையை.

மார்த்தா வந்தபோது முகம் வீங்கியிருந்தது. முடிவெடுத்துவிட்டாள், குழாய் போடச் சம்மதம் கொடுக்க வந்திருக்கிறாள். போனில் மிஸிஸ் பெனெற் சொன்னதை அவள் நம்பவில்லை. “போன ஞாயிறு எவ்வளவு நேரம் கரண்டியோடு நின்றேன்! வாயைத் திறக்கவே இல்லையே,” என்றாள்.

“நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்று கேட்டேன்.

“அவரை அப்படி வைத்துக்கொண்டு நான் எப்படிச் சாப்பிடுவது?”

நான் அவளை ஜன்னலடியில் இருத்தி, மலையைச் சொன்னேன், சூப்பு வண்டியைச் சொன்னேன், பின்வரிசைப் பொடியனைச் சொன்னேன். அவர் எடுக்க மறுத்த வசனத்தைச் சொன்னேன். ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அது அவளால் வாசிக்க முடியாத புத்தகத்தில் இருந்தது. அவர் வாயால் சொன்னதும் இல்லை. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நாங்கள் சாப்பிடும்போது வாசலில் வந்து நிற்பார், சிவா. எங்களுடைய தட்டைத்தான் பார்ப்பார். மிச்சம் வைத்தால் ஏசுவதற்கு நிற்கிறார் என்று நான் பயந்து பயந்து விழுங்குவேன். நாங்கள் எழும்பிய பிறகு குசினியில் நின்றபடி தான் சாப்பிடுவார். அப்பாவுக்கு எங்களைப் பிடிக்காதா என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊழியர் அழக் கூடாது என்பதும் மிஸிஸ் பெனெற் சட்டம்தான். அழுதேன்.

“கையெழுத்துப் பிறகு போடலாம். முதலில் வந்து நீங்கள் சாப்பிடுங்கள்,” என்றேன்.

அன்றைக்கு இறைச்சி, போஞ்சி, உருளைக்கிழங்கு, மேலே கிரேவி. எல்லா மேசைக்கும் கொடுத்தோம். நான் ஒரு கரண்டி, மிஸிஸ் பெனெற் ஒரு கரண்டி சூடு பார்த்தோம். பிறகு மிஸிஸ் பெனெற் தானே ஒரு தட்டு நிறையப் போட்டு, கப்டனுக்கு எதிரே இருந்த மார்த்தாவுக்கு முன்னால் வைத்தார். கப்டனுடைய தட்டையும் வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. எதிரே இருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவள் இன்னும் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது.

மார்த்தா சாப்பிடத் தொடங்கினாள். முதல் வாய் இறங்கவில்லை. தண்ணீர் குடித்து இறக்கினாள். கண்ணீர் தட்டில் விழ விழத் துடைக்காமல் சாப்பிட்டாள். இறைச்சியை முடித்தாள், போஞ்சியை முடித்தாள், பாண் துண்டால் கிரேவியைச் சுற்றித் துடைத்து அதையும் வாயில் போட்டாள். கப்டன் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கரண்டியை வைத்ததும், நடுங்குகிற கையை நீட்டி அவளுடைய தட்டின் விளிம்பைப் பிடித்து, தன் பக்கம் சரித்துப் பார்த்தார். ஒன்றும் மிச்சமில்லை. பிறகு தன் கரண்டியை எடுத்தார்.